நெஞ்செலும்பில் கேட்கும் சத்தம்

நேட் எவ்வளவு சின்ன விமானம் என்பது புத்தகத்தில் படித்தால் புரியவே புரியாது. பக்கத்தில் போய் நிற்க வேண்டும். டெல்லியில் பாலம் என்ற பகுதியில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்தில் நான் அப்படி நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். கூட வந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தும் நான் அதே இடத்தில்தான். நீளம் 9 மீட்டருக்கும் குறைவு. ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 7 மீட்டர்கூடக் கிடையாது. விமானி உட்காரும் குழியின் விளிம்பு கிட்டத்தட்ட என் முகத்துக்கு நேரே இருந்தது! எக்கினால் ஏறி உட்கார்ந்துவிடலாமே என்று கை பரபரத்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் ஒரு ஆள், ஒரு ஜெட் எஞ்சின், இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள். பீரங்கியை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? காற்றை உள்ளே இழுக்கும் வாய் இரண்டு பக்கமும் இருக்கிறதில்லையா, அந்த வாயின் உதட்டிலேயே பக்கத்துக்கு ஒன்றாகப் பதித்துவிட்டார்கள். வேறு இடம் இருந்தால்தானே! ஆணித் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிற மாதிரி அதன் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாயெல்லாம் பல். காவலர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

இதை வடிவமைத்த டெடி பெட்டர்தான் கான்பெராவையும் வடிவமைத்தவர். ஒரே மூளையிலிருந்து அந்தப் பெரிய குண்டுவீச்சு விமானமும் இந்தப் பொடிசும்! அவருடைய சொந்த நாடான பிரிட்டன் நேட்டைப் பயிற்சி விமானமாகத்தான் வாங்கிக்கொண்டது. போர் விமானமாக அதை நம்பி, பெங்களூரு எச்.ஏ.எல். தொழிற்சாலையில் கட்டி, சண்டைக்கு அனுப்பியது நாம்தான். 1965 போரில் டிரெவர் கீலர், டென்சில் கீலர் என்று அண்ணன் தம்பி இருவர் இதே நேட்டில் பறந்து ஆளுக்கொரு வீர் சக்ரா வாங்கினார்கள். ஒரே வீடு, ஒரே விமானம், ஒரே போர்! 1971 டிசம்பர் 14-ஐ நினைத்துப் பாருங்கள். ஸ்ரீநகர் ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, மேலே பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள், அந்தப் புகைக்குள்ளே நிர்மல் ஜித் சிங் செகோன் தன் நேட்டை ஓட்டி மேலே கிளம்புகிறார். தனி ஆளாய் அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்று அங்கேயே வீழ்ந்தார். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அவருடையது. அவர் இருந்த 18-ஆம் ஸ்குவாட்ரன் பிற்பாடு 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது எங்கே என்றால், நம்ம கோயம்புத்தூர் பக்கத்து சூலூரில்! அந்தச் செய்தியைப் படித்த அன்று வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து செகோன் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பரவாயில்லை, நல்ல கதையை எத்தனை தடவை கேட்டால் என்ன?

இப்போது அந்த எஞ்சினுக்கு வருகிறேன். ஆர்ஃபியஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் பைத்தியத்தில் பாதிக்கு அதுதான் காரணம். நேட்டுக்குள் ஒரு ஆர்ஃபியஸ். நம் நாட்டிலேயே உருவான மாருத் போர் விமானத்துக்குள் இரண்டு ஆர்ஃபியஸ். சூர்யகிரண் சாகசக் குழு முதலில் ஓட்டிய கிரண் மார்க் 2 பயிற்சி விமானத்துக்குள்ளும் ஆர்ஃபியஸ். ஆக, 1958-இல் நேட் வந்ததிலிருந்து 2011-இல் சூர்யகிரணின் கிரண் விமானங்கள் ஓய்வெடுத்தது வரைக்கும் நம்முடைய வானத்தில் ஒரே குடும்பத்துக் குரல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது! எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சியில் ஒன்பது கிரண் விமானங்கள் சேர்ந்து வந்ததை நான் கேட்டிருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை பாருங்கள், கேட்டிருக்கிறேன். சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பதும் ஒட்டிக்கொண்டு வருகின்றன, முதலில் ஒரு மெல்லிய விசில், அது தடித்து ஒரு கனமான ரீங்காரமாகி, தலைக்கு மேலே வரும்போது காது அதை விட்டுவிடுகிறது, நெஞ்செலும்பு பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவரின் தோளை நான் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவரும் என் தோளைக் குலுக்கினார்.

மாருத்தைப் பார்க்க டெல்லி வரைக்கும் போக வேண்டாம். பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்து வாசலில் ஒன்று நிற்கிறது. போகிற வருகிறவர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் போகிறார்களே என்று எனக்கு ஆற்றாமை! ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்து, எச்.ஏ.எல். பொறியாளர்களோடு உட்கார்ந்து வரைந்தது இது. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் முதல்முறையாக இதை வானத்துக்குக் கொண்டுபோனார். சோவியத் ஒன்றியத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆசியாவில் வடிவமைத்து உற்பத்தி வரைக்கும் போன முதல் ஜெட் போர் விமானம்! மொத்தம் 147 கட்டினார்கள். அந்த நீண்ட மூக்கு, இடுப்பில் சிறுத்து மறுபடி அகலும் உடம்பு, மூக்கடியில் நான்கு பீரங்கி வாய்கள். எஞ்சினுக்கு இன்னும் வலு வேண்டியிருந்தது என்பார்கள். சரி, வேண்டியிருந்தது. ஆனால் பக்கவாட்டில் நின்று ஒருமுறை பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது ஆக்ராவில். சித்தப்பா விமானப்படையில் ஏர்மேன், தாம்பரத்தில் பயிற்சி முடித்து, பிற்பாடு கான்பெராவுக்கு எஞ்சின் பார்க்கும் வேலை. காலாண்டுப் பரீட்சை லீவுக்கு அங்கே போயிருந்தேன். அக்டோபர் 8 விமானப்படை நாளையொட்டிக் குடும்பத்தாரை உள்ளே அனுமதித்தார்கள். வெயிலில் சிமெண்டுத் தரை கொதிக்கிறது, மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறுகிறது (இன்றைக்கும் எனக்கு அது வாசனை), ஒரு ஓரத்தில் பேண்டு வாசித்துக்கொண்டிருக்கிறது. "டேய், காதப் பொத்திக்கடா" என்றார் சித்தப்பா. "எதுக்கு சித்தப்பா?" என்று கேட்டு முடிப்பதற்குள் டமார்! கான்பெராவின் ஆவன் எஞ்சினை வெடிப்பொதி போட்டுத்தான் உசுப்புவார்கள். துப்பாக்கி மாதிரியே வெடிக்கும், மூக்கிலிருந்து கரும்புகை குபுக்கென்று கிளம்பும், அந்தப் புகை கலைவதற்குள் உள்ளே சக்கரம் சுழல ஆரம்பித்து ஊஊஊ என்று மேலே மேலே ஏறும். நான் காதைப் பொத்தவில்லை. பொத்துவேனா? பேண்டு நிற்கவேயில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பு. இரண்டாவது எஞ்சினும் வெடித்துப் புகைந்து ஓடத் தொடங்கிய பிறகு பித்தளைச் சத்தம் எது, எஞ்சின் சத்தம் எது என்று பிரிக்கவே முடியவில்லை. டிரம்போன் இழுத்த இழுப்பும் ஆவன் எஞ்சின் இழுத்த இழுப்பும் ஒரே சுருதியில் சேர்ந்துவிட்ட மாதிரி, பெரிய டிரம்மின் அடி மட்டும் தனியாகத் தரை வழியே வந்து கால் வழியே ஏறுகிறது. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த விமானங்களையும் இந்த இசையையும் தனித்தனியாக ரசிப்பவர்கள் பாதி விருந்தோடு எழுந்து போகிறவர்கள்!

அந்தக் கான்பெராக்கள் சாதாரணப்பட்டவை அல்ல. 1961-இல் ஐக்கிய நாடுகள் படைக்காக ஆப்பிரிக்காவின் காங்கோ வரைக்கும் போய்ப் பறந்தவை. 1957-இல் வந்தவை 2007 மே மாதம் அதே ஆக்ராவில் விடைபெற்றபோது முழுசாக 50 ஆண்டு ஆகியிருந்தது. சித்தப்பா அப்போது ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டிருந்தார். நான் போனில் செய்தி சொன்னேன். "நல்லா ஒழச்சுதுடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

வாம்பயர் (1948-இல் வந்த முதல் ஜெட்), தூஃபானி, மிஸ்டேர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுதலாம், ஆசிரியர் அடிக்க வருவார். மிஸ்டேருக்கு மட்டும் ஒரு வரி: 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதா தாக்குதலில் திரும்பாமல் போன அதன் விமானி தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா 1988-இல்தான் வழங்கப்பட்டது. அதைப் படித்துவிட்டு அந்த விமானத்தின் முன்னால் போய் நில்லுங்கள், அது வேறு விமானமாகத் தெரியும்.

ஆனால் ஹண்டரைத் தாண்டிப் போக என்னால் முடியாது. மன்னியுங்கள், முடியவே முடியாது. ஜெட் விமானங்களில் அழகி யார் என்று போட்டி வைத்தால் நடுவர்களுக்கு வேலையே இல்லை. ஹரிக்கேனை வடிவமைத்த சிட்னி காம் கை வைத்தது. பின்னோக்கி வளைந்த அந்த இறக்கையில் ஒரு கோடு அதிகமில்லை, ஒரு கோடு குறைவில்லை. 1971 டிசம்பர் 5 காலை, லோங்கேவாலாவில் இரவெல்லாம் ஒரு சிறு படை பாகிஸ்தானின் டாங்கிகளைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது, கண்ணில் தூக்கமில்லை, விடிகிறது, ஜெய்சல்மேர் பக்கத்திலிருந்து ஹண்டர்களின் சத்தம் வருகிறது! அந்தச் சத்தத்தைக் கேட்ட வீரர்களின் முகம் எப்படி இருந்திருக்கும்? பாலைவனத்தில் மறைய ஒரு மரமில்லை, டாங்கிகள் அங்கங்கே திகைத்து நிற்க, அன்றைய பகலே போரின் கதையை மாற்றிவிட்டது. விமானப்படையின் பொன்விழா ஆண்டான 1982-இல் இதே ஹண்டர்களுக்கு நீலமும் வெள்ளையும் பூசி தண்டர்போல்ட்ஸ் என்று சாகசக் குழு அமைத்தார்கள். சண்டைக்காரிக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டார்கள்!

மிக்-21 பற்றி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். விபத்துகள். ஆமாம், நடந்தன, நிறைய இளைஞர்களை இழந்தோம், மறைக்கவில்லை. ஆனால் 1963-இல் சண்டிகருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து 60 ஆண்டுக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாக நம் விமானிகளுக்கு ஒலியை மிஞ்சிப் பறக்கக் கற்றுக்கொடுத்தது அதுதான். 1971 டிசம்பர் 14 அன்று, ஸ்ரீநகரில் செகோன் வீழ்ந்த அதே நாளில், டாக்காவில் ஆளுநர் மாளிகையைக் குறிவைத்துத் தாக்கியவை மிக்-21 விமானங்கள். இரண்டே நாளில் போர் முடிந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் அவற்றுக்கு வழியனுப்பு விழா. நான் டிவி முன்னால் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன், காபி ஆறிப்போயிற்று, தோசை ஆறிப்போயிற்று. விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் தானே ஒரு மிக்-21-ஐ ஓட்டிக்கொண்டு வருகிறார்! கடைசியாகத் தரையிறங்கி வந்த விமானங்களுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி மரியாதை. அந்த நீர்த்தூறலுக்குள்ளிருந்து கூரான மூக்கு வெளியே வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். என் வீட்டு வரவேற்பறையில், லுங்கியோடு, விறைப்பாக, சல்யூட் அடித்தபடி. ஏன் கூச்சப்பட வேண்டும்? அதற்கு அந்த மரியாதை தகும்.

சரி, இசைக்கு வருவோம். அக்கா பையன் ஹைதராபாத் பக்கத்து டுண்டிகல் விமானப்படை அகாதெமியில் பயிற்சி முடித்தபோது எங்களையும் அழைத்தார்கள். வேகநடை மெட்டுகள் எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருக்கின்றன, பூட்ஸ் சத்தம் ஒரே சத்தமாக விழுகிறது, கைகள் ஒரே கையாக வீசுகின்றன. கடைசியில் புதிதாக அதிகாரிகளானவர்கள் இரண்டு வரிசையாக மெல்லநடையில் வெளியேறும் நேரம் வந்தது. பேண்டு என்ன வாசித்தது தெரியுமா? தாகூரின் ஆனந்தலோகே! போர் விமானிகளைப் படைக்கு அனுப்பிவைக்கும் கணத்தில் முழக்கம் இல்லை, அதட்டல் இல்லை, மகாகவி ஒருவரின் பாட்டு. பித்தளை வாத்தியங்கள் மூச்சை அடக்கி அடக்கி வாசிக்கின்றன, கால் ஒவ்வொன்றும் காற்றில் ஒரு கணம் நின்று பிறகு தரை தொடுகிறது, நேற்று வரை கூடப் படித்த ஜூனியர்கள் அவர்களுக்கு முதல் சல்யூட் வைக்கிறார்கள். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "எங்கடா அவன், எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

அதையும் தூக்கிச் சாப்பிட்டது 2024 ஜனவரியில் டெல்லி. குடியரசு தின அணிவகுப்பில் டங்கைல் வரிசை என்று ஒன்று வரப்போகிறது, அதில் டகோட்டா வரும் என்று தெரிந்ததுமே எனக்குத் தூக்கம் போயிற்று. டகோட்டா! 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதல் படையினரைக் கொண்டுபோய் இறக்கிய ரகம்! இரண்டு டோர்னியர்கள் இரண்டு பக்கம் வர, நடுவில் கிழவி. ஜெட் எல்லாம் பின்னால்தான் வரட்டும். அந்த பிஸ்டன் எஞ்சின்கள் இரண்டும் சேர்ந்து எழுப்பும் தடதட ரீங்காரம், குளிரில் விறைத்திருந்த மூக்கு, காது, விரல் எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து விஜய் சௌக்கில் பாசறை திரும்பும் நிகழ்ச்சியின் முழு ஒத்திகை. நீங்கள் இப்போது என்னோடு வாருங்கள், அந்தப் படிக்கட்டு இருக்கையில் என் பக்கத்தில் உட்காருங்கள். மாலை, சூரியன் ரைசினா குன்றுக்குப் பின்னால் இறங்குகிறது, நார்த் பிளாக் சவுத் பிளாக் மதில்மேல் ஒட்டகங்கள் சிலையாக நிற்கின்றன, காற்றில் குளிர் கத்தி மாதிரி. 1950-களில் கிரெனேடியர்ஸ் படையின் மேஜர் ராபர்ட்ஸ் வடிவமைத்த நிகழ்ச்சி இது, இத்தனை ஆண்டாகியும் அந்த ஒழுங்கு குலையவில்லை. ஒவ்வொரு படையின் பேண்டாக வருகிறது. விமானப்படை பேண்டு வருகிறது! டிரம் மேஜரின் கோல் மேலே போய்க் கீழே வருவதற்குள் சைட் டிரம்கள் உருள ஆரம்பிக்கின்றன, டைகர் ஹில் என்று ஒரு மெட்டு, ஸ்வதேசி என்று ஒரு மெட்டு, கிளாரினெட்டுகள் துள்ளித் துள்ளி ஓட அடியில் யூஃபோனியம் ஒரு தனிப்பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை, தயவுசெய்து கவனியுங்கள், ட்ரம்பெட்டுகள் ஒரே நேரத்தில் தலை தூக்குகின்றன, கடைசி வெளிச்சம் அந்தப் பித்தளை வாய்கள் அத்தனையிலும் ஒரே கணம் பட்டுத் தெறிக்கிறது, நடந்துகொண்டே வாசிக்கிறார்கள், திரும்பிக்கொண்டே வாசிக்கிறார்கள், ஒரு வரிசை இன்னொரு வரிசைக்குள் புகுந்து வெளியேறி மறுபக்கம் முழுசாக வருகிறது, ஒரு கால் தப்பவில்லை, ஒரு சுரம் தப்பவில்லை, பெரிய டிரம்மின் அடி மறுபடியும் தரை வழியே வந்து என் கால் வழியே ஏறுகிறது, ஆக்ராவில் ஏறிய அதே அடி, ஐயோ, நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பிறகு எல்லாப் பேண்டும் ஒன்றாகச் சேர்ந்து கதம் கதம் படாயே ஜா, அப்புறம் டிரம்மர்கள் மட்டும் தனியாக ஒரு ஆட்டம், பிறகு எக்காளம், கொடிகள் இறங்குகின்றன, கடைசியில் சாரே ஜஹான் சே அச்சா வாசித்தபடி மொத்தப் பேண்டும் குன்றைப் பார்த்து மேலே ஏறிப் போகிறது, போகப் போகச் சத்தம் தேய்கிறது, தேயத் தேய நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டி நீட்டிக் கேட்கிறோம், சட்டென்று கட்டடங்கள் எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது! எனக்குப் பக்கத்தில் பஞ்சாபி அம்மா ஒருவர், பாஷை தெரியாது, என்னைப் பார்த்து "ஹை நா?" என்றார். "ஆமாம்மா, ஆமாம்" என்று தமிழிலேயே சொன்னேன்.

அப்துல் கலாம் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போய் ஒன்பதாவதாக வந்தார், எடுத்ததோ எட்டுப் பேரை என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. விமானத்தின் மேல் அப்படி ஒரு ஆசை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. அதனால்தான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பெங்களூரு போனால் கஸ்தூர்பா சாலையில் இறங்கி மாருத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். டெல்லி போனால் பாலத்தில் நேட்டுக்கு முன்னால் என் சார்பாகவும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எதற்குமே நேரமில்லை என்றால் ஜனவரி 29 மாலை தூர்தர்ஷனையாவது போடுங்கள், பாசறை திரும்பும் நிகழ்ச்சியை நேரலையில் காட்டுவார்கள். விமானப்படை பேண்டு வரும்போது சத்தத்தைக் கூட்டி வையுங்கள். நன்றாகக் கூட்டுங்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கட்டும்.